ஸ்பானிஷ் வீட்டிலா, பள்ளியிலா, இல்லை பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பக்கத்து வீட்டுப் பையனுக்கு வருகிற ஜூலையில் ஐந்து வயது முடிகிறது, ஆகஸ்டில் கிண்டர்கார்டனில் சேர்க்க வேண்டும். அப்பா மெக்சிகோவில் மான்டரே ஊர்க்காரர், இருபத்தைந்து வயதில் வேலைக்காக டெக்சஸ் வந்தவர். அம்மா இங்கே சான் அன்டோனியோவிலேயே பிறந்து வளர்ந்தவர், மூன்றாம் தலைமுறை. ஸ்பானிஷில் யார் எது பேசினாலும் அவருக்கு முக்கால்வாசி புரியும், ஆனால் வாயைத் திறந்தால் ஆங்கிலம்தான் வரும். பையன் அப்பாவிடம் கொஞ்சம் ஸ்பானிஷ் பேசுகிறான், அம்மாவிடம் முழுக்க ஆங்கிலம். அவனை எப்படி வளர்ப்பது என்று இரண்டு வாரமாக வீட்டில் பேச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள், "நீங்களும் இரண்டு மொழியோடு வளர்ந்தவர்தானே, நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். அன்று பேசியது, அப்புறம் நான் தேடிப் படித்தது எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் ஒரு குழந்தைக்கு ஆங்கிலம் வந்தே தீரும், அதற்காக யாரும் மெனக்கெடத் தேவையில்லை. சான் அன்டோனியோவில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமாக லத்தீனோ மக்கள்தான், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், ஊர்ப் பெயரிலிருந்து தெருப் பெயர் வரை ஸ்பானிஷ், மளிகைக் கடையில் ஸ்பானிஷ், ரேடியோவில் ஸ்பானிஷ். ஆனாலும் பூங்காவில் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும்போது என்ன மொழியில் கத்துகிறார்கள் என்று ஒருநாள் நின்று கேளுங்கள். ஆங்கிலம்தான். அதனால் ஒவ்வொரு வழியையும் நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் எடை போட்டேன்: பையனுக்குப் பத்து வயது ஆவதற்குள் எந்த வழி அவனுக்கு அதிக ஸ்பானிஷ் கொடுக்கும்?

இதில் அம்மாவுக்கு இருக்கிற தயக்கத்தைப் புரிந்துகொள்ளாமல் எந்த வழியையும் பேச முடியாது. அவருடைய தாத்தா மேற்கு டெக்சஸில் படித்தவர். பள்ளியில் ஸ்பானிஷ் பேசியதற்காக அடி வாங்கியிருக்கிறார். அந்த வலி தன் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று வீட்டில் ஆங்கிலமே பேசினார், அப்படித்தான் மொழி அந்த வீட்டை விட்டுப் போனது. இது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் இல்லை. மார்ஃபா என்ற சிற்றூரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட பிளாக்வெல் பள்ளி இருந்தது. அங்கே 1954-இல் "மிஸ்டர் ஸ்பானிஷ்" என்ற பெயரில் ஒரு சவ அடக்கமே நடத்தினார்கள். பிள்ளைகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுத வைத்து, அதைப் பெட்டியில் போட்டு, கொடிமரத்துக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். தன் அம்மா பேசுகிற மொழியைத் தன் கையாலேயே புதைக்கச் சொன்னால் எட்டு வயதுக் குழந்தைக்கு எப்படி இருந்திருக்கும்? அந்தப் பள்ளிக் கட்டடத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக்கும் சட்டம் 2022-இல்தான் வந்தது. அந்தக் கொடிமரத்தடியில் நின்ற பிள்ளைகள் வளர்ந்து பெற்றோர் ஆனபோது வீட்டில் ஆங்கிலம் பேசியதில் என்ன ஆச்சரியம் இருக்கிறது?

அதன் விளைவு இன்றைக்கும் தெரிகிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி மூன்றாம் தலைமுறையும் அதற்குப் பிந்தைய தலைமுறைகளும் சேர்ந்த லத்தீனோக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் ஸ்பானிஷில் நன்றாக உரையாட முடியும் என்கிறார். இதில் மனதைக் குடைவது இன்னொரு எண். ஸ்பானிஷ் வராதவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களை, மற்ற லத்தீனோக்களே அதற்காகக் கூனிக் குறுக வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு "நோ ஸாபோ" என்று ஒரு பட்டப்பெயரே உண்டு. "எனக்குத் தெரியாது" என்பதற்கு ஸ்பானிஷில் "நோ ஸே" என்று சொல்ல வேண்டும், அதை "நோ ஸாபோ" என்று சொல்லிவிடுகிற பிள்ளைகள் என்று அர்த்தம். முதலில் பேசினால் அடித்தார்கள், பிறகு பேசவில்லை என்று சிரிக்கிறார்கள். அந்த அம்மா வாயைத் திறக்கக் கூசுவதற்குக் காரணம் இதுதான், மொழி தெரியாதது இல்லை.

சரி, வழிகளுக்கு வருவோம். அவர்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன.

முதல் வழி, இப்போதைக்கு ஆங்கிலம் மட்டும், ஸ்பானிஷைப் பிறகு உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொள்ளட்டும் என்று விடுவது. அம்மா முதலில் இதைத்தான் விரும்பினார். டெக்சஸில் உயர்நிலைப் பள்ளி முடிக்கப் பொதுவாக இரண்டு வருஷம் ஒரு அயல்மொழி படிக்க வேண்டும், அதில் ஸ்பானிஷை எடுத்தால் போச்சு என்பது அவர் கணக்கு. நானும் ஒரு கணக்குப் போட்டேன். தினம் முக்கால் மணி நேரம், வருஷத்துக்கு 170 நாள், இரண்டு வருஷம் என்று வைத்தால் 255 மணி நேரம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்க ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணி ஒதுக்குகிறது, அதுவும் வளர்ந்த, படிப்பில் தேர்ந்த, வேறு வேலை எதுவும் இல்லாமல் மொழியை மட்டும் படிக்கிற ஆட்களுக்கு. உயர்நிலைப் பள்ளி வகுப்பு அதில் பாதிகூடத் தேறவில்லை. வயது வேறு குறுக்கே நிற்கிறது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இணையம் வழியாக ஆங்கில இலக்கணத் தேர்வு வைத்து 2018-இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. இலக்கணத்தைப் பிடித்துக்கொள்ளும் திறன் பதினேழு வயதுவரை நன்றாகவே இருக்கிறது, ஆனால் அந்த மொழியில் பிறந்தவர் அளவுக்கு வர வேண்டுமானால் பத்து வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்று அதில் தெரிந்தது. பிறகு கற்க முடியாது என்று நான் சொல்லவில்லை, எத்தனையோ பேர் நாற்பது வயதில் கற்று அருமையாகப் பேசுகிறார்கள். ஆனால் அதற்குள் மான்டரேயில் இருக்கும் அபுவெலாவுக்கு, அதாவது அவன் பாட்டிக்கு, எண்பது வயதாகிவிடும். அவரோடு பேச வேண்டிய பத்து வருஷத்தை எந்த வகுப்பும் திருப்பிக் கொடுக்காது. இந்த வழியை அன்று மாலையே ஒதுக்கிவிட்டோம்.

இரண்டாவது, ஆளுக்கு ஒரு மொழி. அப்பா ஸ்பானிஷ் மட்டும், அம்மா ஆங்கிலம் மட்டும். இருமொழிக் குழந்தை வளர்ப்பு என்றாலே எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான், நூறு வருஷத்துக்கு மேல் பழைய யோசனை. கேட்க நியாயமாகவும் இருக்கிறது, யாரும் தனக்குக் கூச்சமான மொழியில் பேச வேண்டியதில்லை. ஆனால் பாதிப் பாதி என்று காகிதத்தில் தெரிவது வீட்டுக்குள் வந்ததும் பாதிப் பாதியாக இருப்பதில்லை. அந்த அப்பா கட்டட வேலை மேற்பார்வையாளர். காலையில் பையன் எழுவதற்கு முன் கிளம்பி மாலை ஏழுக்கு வருகிறார், பையன் எட்டரைக்குத் தூங்கிவிடுகிறான். வார நாளில் ஒன்றரை மணி நேரம் வீதம் ஏழரை மணி, சனி ஞாயிறில் சேர்த்து ஒரு பத்து மணி, மொத்தம் பதினேழரை. பையன் வாரத்துக்கு எண்பத்தெட்டு மணி நேரமாவது விழித்திருக்கிறான். ஐந்தில் ஒரு பங்குதான் அவன் காதில் ஸ்பானிஷ் விழுகிறது. விழித்திருக்கும் நேரத்தில் கால் பங்காவது ஒரு மொழி காதில் விழுந்தால்தான் குழந்தை அதைத் தானாகப் பேசத் துணியும் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் தோராயமாகச் சொல்வார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இந்த வீடு இருக்கிறது, அதனால்தான் பையன் அப்பாவுக்கே பாதிப் பதிலை ஆங்கிலத்தில் சொல்கிறான்.

பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியில் அன்னிக் டி ஹூவர் என்பவர் ஏறக்குறைய 1,900 குடும்பங்களிடம் விவரம் சேகரித்து 2007-இல் வெளியிட்டார். ஊர் வேறு, மொழிகள் வேறு, ஆனால் சிக்கல் ஒன்றுதான்: வெளியே ஒரு மொழி, வீட்டில் இன்னொரு சிறுபான்மை மொழி. ஆளுக்கு ஒரு மொழி என்று வைத்த வீடுகளில் நான்கில் மூன்றில்தான் குழந்தைகள் அந்த வீட்டு மொழியைப் பேசினார்கள். அப்பா அம்மா இருவருமே வீட்டு மொழியை மட்டும் பேசிய வீடுகளில் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் பேசினார்கள். நான்கில் மூன்று மோசமில்லை என்று தோன்றலாம். ஆனால் கைவிட்டுப்போகிற அந்த நான்காவது வீடு எது என்று முன்கூட்டித் தெரியாதே.

அதனால் மூன்றாவது வழி: வீட்டுக்குள் முழுக்க ஸ்பானிஷ், வெளியேயும் பள்ளியிலும் ஆங்கிலம். எனக்கு இது மிகவும் பிடித்த வழி, அந்த அப்பாவுக்கும்தான். செலவில்லை, பள்ளி இடத்துக்கான குலுக்கல் இல்லை, யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. பையன் பள்ளிக்கு ஆங்கிலம் குறைவாகப் போய் நின்றால் என்ன ஆகும் என்று அம்மா பயந்தார். அந்த பயத்துக்கு டெக்சஸில் இடமே இல்லை என்று நினைக்கிறேன். ஆங்கிலம் வராத நான்கு வயதுக் குழந்தைகளுக்கு இங்கே கிண்டர்கார்டனுக்கு முந்தைய அரசு ப்ரீ-கே வகுப்பு இலவசம். ஒரு பள்ளி மாவட்டத்தில் ஒரே வகுப்பு நிலையில் ஒரே வீட்டு மொழியோடு ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகள் 20 பேர் இருந்தால் தொடக்கப் பள்ளியில் இருமொழிக் கல்வி தந்தே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஓரிரு வருஷத்தில் விளையாட்டுத் திடல் ஆங்கிலம் வந்துவிடும், பாடப்புத்தக ஆங்கிலத்துக்கு இன்னும் சில வருஷம் ஆகும். வரத்தான் செய்யும்.

ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள். முதலாவது, பேச்சு மட்டும் வந்து எழுத்து வராமல் போவது. காதால் மட்டுமே ஸ்பானிஷ் கற்ற பிள்ளைகள் "ஓலா" என்று எழுதும்போது முதலில் வரும் சத்தமில்லாத ஹெச் எழுத்தை விட்டுவிடுவார்கள், பி எழுத வேண்டிய இடத்தில் வி எழுதுவார்கள், ஏனென்றால் ஸ்பானிஷில் அந்த இரண்டுக்கும் ஒரே ஒலி. சமையலறை ஸ்பானிஷ் அருமையாக இருக்கும், அதே பையனிடம் மழை எப்படி உருவாகிறது என்று ஸ்பானிஷில் விளக்கச் சொன்னால் திணறுவான். மருத்துவமனைப் படிவம், செய்தித்தாள், ஒரு நல்ல நாவல், எல்லாம் எட்டாமல் போய்விடும். இரண்டாவது ஓட்டை, பள்ளியிலிருந்து ஆங்கிலம் வீட்டுக்குள் நடந்து வருவது. மூத்த பிள்ளை கொண்டு வரும், இளையது பிறந்ததிலிருந்து அண்ணனிடம் ஆங்கிலமே கேட்கும். ஏழு எட்டு வயதில் ஒருநாள், கேட்கிற கேள்வி ஸ்பானிஷில் இருக்கும், வருகிற பதில் ஆங்கிலத்தில் இருக்கும். அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கிற நம் ஆட்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, "சாப்பிட்டியா" என்று கேட்டு "யா, ஐ டிட்" என்று பதில் வாங்காத தமிழ் வீடு இங்கே குறைவு.

போதாததற்கு இந்த வீட்டில் அம்மாவின் கூச்சம் இருக்கிறது. வீடு முழுக்க ஸ்பானிஷ் என்றால் அவர் பிள்ளையோடு தனக்கு வராத மொழியில் பேச வேண்டும். கொஞ்சல், கோபம், தூங்க வைக்கிற கதை எல்லாம் தடுமாறும். அதை அவரிடம் வற்புறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான்காவது வழி இங்கே டூயல் லாங்குவேஜ் என்று எல்லோரும் சொல்கிற பள்ளி. ஸ்பானிஷ் ஒரு பாடமாக இருக்காது, பாடம் நடத்துகிற மொழியாக இருக்கும். இதன் தொடக்கம் 1963-இல் மயாமியின் கோரல் வே தொடக்கப் பள்ளி. கியூபாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் இரண்டு மொழியிலும் படித்தார்கள். கியூபாவுக்கே திரும்பிப் போகப்போகிறோம் என்று நம்பிய பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளின் ஸ்பானிஷ் கெடக்கூடாது என்று நினைத்தார்கள், அந்த எண்ணம் ஒரு புதிய பள்ளிமுறையையே கொண்டுவந்தது. நடுவில் எதிர்ப்பு வராமல் இல்லை. கலிஃபோர்னியா 1998-இல் 227-ஆவது முன்மொழிவைப் பொது வாக்கெடுப்பில் நிறைவேற்றி இருமொழிக் கல்வியைப் பெரும்பாலும் முடக்கியது, 2016-இல் 58-ஆவது முன்மொழிவில் அதே மாநில மக்கள் நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமாக வாக்களித்து அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பதினெட்டு வருஷம். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அதற்குள் பள்ளியை முடித்துவிட்டார்கள்.

இதில் இரண்டு வகை பரவலாக இருக்கிறது, அந்தத் தம்பதி உண்மையில் குழம்பியது இங்கேதான். ஒன்று 90/10. கிண்டர்கார்டனில் நூற்றுக்குத் தொண்ணூறு ஸ்பானிஷ், பிறகு வருஷா வருஷம் ஆங்கிலத்தைக் கூட்டி நான்கு, ஐந்தாம் வகுப்பில் பாதிக்குப் பாதி. இன்னொன்று 50/50, முதல் நாளிலிருந்தே சரிபாதி. சில இடங்களில் காலை ஒரு மொழி மாலை ஒரு மொழி, சில இடங்களில் பாடத்தைப் பிரித்து கணக்கை ஆங்கிலத்திலும் அறிவியலையும் சமூக அறிவியலையும் ஸ்பானிஷிலும் நடத்துவார்கள்.

90/10-இன் பலம், குழந்தை முதலில் படிக்கக் கற்பது ஸ்பானிஷில். ஸ்பானிஷ் எழுதியபடி படிக்கிற மொழி. ஐந்தே உயிரொலிகள், எங்கே பார்த்தாலும் அதே ஒலி. தமிழில் எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகியவர்களுக்கு அந்த நிம்மதி புரியும். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டம் ஐந்து வார்த்தையில் ஐந்து விதமாக ஒலிக்கும், குழந்தை படிப்பு என்றாலே ஊகம் என்று நினைத்துக்கொள்ளும். ஸ்பானிஷில் சில மாதங்களில் படிக்கிற தந்திரம் பிடிபட்டுவிடும், பிடிபட்ட தந்திரத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக முடியும், மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பலவீனம் என்னவென்றால் முதல், இரண்டாம் வகுப்பில் பிள்ளையின் ஆங்கில வாசிப்பு மற்ற பிள்ளைகளைவிடப் பின்தங்கித் தெரியும். பெற்றோர் பயந்துபோய் பிள்ளையை வெளியே எடுப்பது இந்த இடத்தில்தான். மூன்றாம் வகுப்பில் டெக்சஸ் மாநிலத்தின் ஸ்டார் தேர்வு வேறு வருகிறது. அந்தத் தேர்வை ஐந்தாம் வகுப்புவரை ஸ்பானிஷிலும் எழுதலாம் என்பது இங்கே பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. நான்கைந்து வருஷம் பொறுத்தால் அந்த இடைவெளி மூடிவிடுகிறது என்பது இந்தப் பள்ளிகளைப் பற்றி வந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். பொறுக்க முடியாதவர்கள் 90/10-இல் சேர்க்காமல் இருப்பதே நல்லது, ஏனென்றால் நடுவில் எடுத்தால் இரண்டு மொழியிலும் பாதியில் நிற்கும்.

50/50 அம்மாவுக்குப் பிடித்தது, ஆங்கிலத்தைப் பற்றிய கவலை குறையும். வீட்டில் ஏற்கெனவே ஸ்பானிஷ் திடமாக இருக்கிற குழந்தைக்கு நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இந்தப் பையனுக்கு வீட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று முன்னே பார்த்தோம். வாரத்துக்கு முப்பத்தைந்து மணி பள்ளி என்றால் 50/50-இல் அதோடு பதினேழரை சேரும், 90/10-இல் தொடக்கத்தில் முப்பதுக்கு மேல் சேரும். வீட்டுக் கணக்கோடு கூட்டினால் 90/10-இல் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கும் மேல் ஸ்பானிஷ். அம்மா ஒரு வார்த்தையும் வலிந்து பேசாமல் இந்தக் குடும்பத்துக்கு வேறு எந்த வழியிலும் இந்த அளவு கிடைக்கவில்லை.

பாடம் கெடாதா என்று கேட்டார் அப்பா. நியாயமான கேள்வி. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரப் பள்ளிகளில் இடம் குலுக்கலில் கிடைக்கும், அதனால் ஆய்வாளர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு: குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிடலாம், இரண்டு பக்கமும் ஆர்வமுள்ள பெற்றோர்தான். இடம் கிடைத்த பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பில் ஆங்கில வாசிப்பில் ஏறத்தாழ ஏழு மாதப் படிப்பு அளவுக்கும், எட்டாம் வகுப்பில் ஒன்பது மாத அளவுக்கும் முன்னால் இருந்தார்கள். ஆங்கில வாசிப்பில் என்பதைக் கவனியுங்கள். கணக்கிலும் அறிவியலிலும் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, அந்தப் பாடங்களில் கணிசமான பகுதியை வேறு மொழியில் படித்தும்கூட.

ஆங்கிலம் எப்படிக் கூடுகிறது என்பதற்கு என் பங்கு ஊகம் ஒன்று உண்டு, குறிப்பாக ஸ்பானிஷ் விஷயத்தில். ஆங்கிலத்தில் பேச்சுவழக்குச் சொற்கள் ஒரு பக்கம், படித்தவர் சொற்கள் ஒரு பக்கம். படித்தவர் சொற்கள் பெரும்பாலும் லத்தீனிலிருந்து வந்தவை, ஸ்பானிஷுக்கு லத்தீன் தாய்வீடு. ஸ்பானிஷ் பேசும் நான்கு வயதுக் குழந்தைக்கு நிலா "லூனா", சூரியன் "ஸோல்", கை "மானோ", கட்டடம் "எடிஃபீஸியோ". அந்தக் குழந்தை பிறகு அறிவியல் புத்தகத்தில் "லூனார்" என்றும் "சோலார்" என்றும் "மேனுவல்" என்றும் பார்க்கும்போது பாதி அர்த்தம் வீட்டிலேயே தெரிந்ததாக இருக்கும். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற சொற்களை இவன் பாட்டி சமையலறையில் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். கவிழ்த்துவிடுகிற சொற்களும் உண்டு, "எம்பராஸாடா" என்றால் வெட்கப்பட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது, கர்ப்பிணி என்று அர்த்தம். ஆனால் அப்படிப்பட்டவை கொஞ்சம், கைகொடுக்கிறவை ஆயிரக்கணக்கில்.

இந்தப் பேச்சு வந்தால் யாராவது மூளையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். இருமொழிக் குழந்தை புத்திசாலியாக இருக்கும், கவனம் சிதறாது, இத்யாதி. 1962-இல் மான்ட்ரியால் நகரில் வந்த ஓர் ஆய்வுதான், இரண்டு மொழி குழந்தையைக் குழப்பும் என்ற பழைய எண்ணத்தை முதலில் ஆட்டியது, நல்லதே செய்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ரொம்பவே சாய்ந்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் 4,500 பேருக்கு மேல் சோதித்து 2019-இல் வந்த ஆய்வில் கவனக் கட்டுப்பாட்டில் இருமொழிப் பிள்ளைகளுக்குத் தனி லாபம் எதுவும் தெரியவில்லை. முதுமையில் மறதிநோய் தள்ளிப்போவது பற்றிய ஆய்வுகள் கொஞ்சம் நம்பிக்கை தருகின்றன, நம் ஹைதராபாத்திலேயே 2013-இல் 648 நோயாளிகளை வைத்துச் செய்ததில் இருமொழிக்காரர்களுக்கு நோய் நான்கரை வருஷம் தாமதமாகத் தொடங்கியது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும். ஆனாலும் எழுபது வயதில் வரப்போகிற மறதிக்காக ஐந்து வயதுப் பையனின் பள்ளியை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். பாட்டியோடு பேசலாம், இருபது நாடுகளில் போய் நிற்கலாம், வேலையில் கூடுதலாக ஒரு கதவு திறக்கும், பள்ளி முடிக்கும்போது பெரும்பாலான மாநிலங்களில் இருமொழி எழுத்தறிவு முத்திரை சான்றிதழில் விழும். எனக்கு இது போதும்.

பயங்களில் ஒன்றிரண்டைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இரண்டு மொழியால் பேச்சு தாமதமாகாது. ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணினால் இருமொழிக் குழந்தைக்குக் குறைவாகத் தெரியும், ஸ்பானிஷையும் சேர்த்து எண்ணினால் சரியாக இருக்கும், ஃபுளோரிடாவில் ஸ்பானிஷ் ஆங்கிலக் குழந்தைகளை வைத்தே இதைப் பார்த்திருக்கிறார்கள். உண்மையிலேயே பேச்சு தாமதமானால் அதற்குக் காரணம் வேறு, ஒரு மொழியை நிறுத்துவது மருந்தில்லை. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பதும் குழப்பம் இல்லை. டெக்சஸில் பெரியவர்களே "ட்ரோக்கா"வை (டிரக்கை) "பார்க்கியார்" (பார்க்) செய்கிறார்கள், "லோன்ச்சே" (லஞ்ச்) சாப்பிடுகிறார்கள். எங்கே எந்த மொழி என்பது பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும், அபுவெலாவிடம் அந்தப் பையன் ஒருநாளும் ஆங்கிலம் கலந்து பேசி நான் கேட்டதில்லை.

பள்ளி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதுதான் மிக முக்கியம் என்று நினைக்கிறேன். பலகையில் இருமொழி என்று எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டெக்சஸில் பல இருமொழி வகுப்புகள் இடைக்கால வகுப்புகள்தான். முதல் இரண்டு மூன்று வருஷம் ஸ்பானிஷ் ஒரு கைத்தடி, ஆங்கிலம் வந்ததும் தடியை வாங்கி வைத்துவிடுவார்கள். டூயல் லாங்குவேஜ் என்றால் ஐந்தாம் வகுப்புவரை ஸ்பானிஷ் நிற்க வேண்டும். "நான்காம் வகுப்பில் எந்தெந்தப் பாடம் ஸ்பானிஷில் நடக்கிறது?" என்று நேராகக் கேளுங்கள், பதில் தயங்கி வந்தால் அது இடைக்கால வகுப்பு. அடுத்து, வகுப்பில் ஸ்பானிஷ் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள், மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் ஆசிரியர் ஒருவர்தான் ஸ்பானிஷ் பேசிக்கொண்டிருப்பார். நடுவில் ஆசிரியர் விலகினால் மாற்று இருக்கிறதா என்றும் கேளுங்கள், ஸ்பானிஷில் பாடம் நடத்தத் தெரிந்த ஆசிரியர் கிடைப்பது இங்கே பெரிய பாடு. அப்புறம் சேர்க்கையின்போது தருகிற வீட்டு மொழிப் படிவம். பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து ஸ்பானிஷ் வீடுகளில் பலர் அதில் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள், அதனாலேயே கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகிறது. உள்ளதை எழுதுங்கள். வேண்டாத வகுப்பை மறுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

அவர்கள் கடைசியில் எழுதிக் கொடுத்தது 90/10 பள்ளியை முதல் விருப்பமாகவும், கொஞ்சம் தூரத்தில் இருக்கும் 50/50 பள்ளியை இரண்டாவதாகவும். இரண்டிலும் இடம் கிடைக்காவிட்டால் பக்கத்துத் தெருப் பள்ளியில் சேர்த்து, கோடை விடுமுறை முழுக்க மான்டரேயில் பாட்டி வீடு, வருஷம் முழுக்க இரவில் ஸ்பானிஷ் புத்தகம் என்று பேசி வைத்திருக்கிறார்கள். குலுக்கல் முடிவு வசந்தத்தில் வரும். அம்மா தனக்கென்று ஒன்று கேட்டார்: இரவுச் சாப்பாட்டு நேரம் மட்டும் ஸ்பானிஷ், தான் தப்பாகப் பேசினால் யாரும் திருத்தக் கூடாது. போன புதன்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பெர்ரோ என்றால் நாய், பெரோ என்றால் ஆனால், அந்த ஒரு ரகரம் அவர் நாக்கில் உருளவே இல்லை. சொன்னபடி யாரும் திருத்தவில்லை. தன் தாத்தா சின்ன வயதில் வளர்த்த நாயைப் பற்றி மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, கடைசிவரை ஸ்பானிஷிலேயே சொல்லி முடித்தார். பையன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.